பஸ்கா வாரத்தில் கொண்டுபோன வட்டையப்பம்

நெய்யூர்
20–9–1954

அன்பு மகள் ஞானசெல்விக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். சுகமாயிருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ‘இருக்கிறோம்’ என்றதோடு நின்றுவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன். நீயும் எலியாஸும் அவருடைய அம்மாவும் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருக்கிற இந்த நாட்களில் எந்த நோய்நொடியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே காலையில் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. உன் கடிதம் ஜூலை மாதமே வந்துவிட்டது. பதில் இவ்வளவு பிந்தியதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் நிறையச் சொல்லலாம். ஆகஸ்டில் புதுக்கடையில் துப்பாக்கிச் சூடு நடந்ததிலிருந்து இந்தப் பக்கமெல்லாம் போலீஸ் லாரிதான், பஸ் ஓடுகிற நாளும் உண்டு ஓடாத நாளும் உண்டு, தம்பி குமாரதாஸை நாகர்கோவில் விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவன் எந்தக் கூட்டத்தோடு எங்கே போய் நிற்பானோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடங்கி அவன் திரும்பிப் போனதும் சின்னவள் குளோரிக்குக் காய்ச்சல் தொடங்கியது. இதெல்லாம் மெய்தான் மக்களே, ஆனால் மெய்யான காரணம் இது ஒன்றும் இல்லை. என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. திருவனந்தபுரத்தில் போய் இன்டர்மீடியட் வரை படித்தவள், ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் தேவகனியக்காவிடம் போ என்பார்கள், சொந்த மகளுக்கு ஒரு தாளை நிரப்ப முடியாமல் ஆவணியும் போய்விட்டது.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செவலைப் பசு கன்று போட்டது, காளைக் கன்று, உன் அப்பாவுக்கு ஏமாற்றம்தான். பின்பக்கத்து அயினிப் பலாவை வெட்டச் சொல்லி பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் ஆள்விட்டார், அப்பா அசையவில்லை. நீ வேலை படித்த ஆஸ்பத்திரியில் பழைய நர்ஸம்மாக்கள் என்னைப் பார்த்தால் ஞானசெல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார்கள், நான் நன்றாக இருக்கிறாள் என்கிறேன், கப்பலாமே என்கிறார்கள், ஆமாம் என்கிறேன், அதோடு அவர்கள் வார்டைப் பார்த்துப் போய்விடுகிறார்கள், நானும் வந்துவிடுகிறேன். கோவிலில் சில பேர் வாயைத் திறந்து கேட்பதில்லை, ஆனால் என் பக்கத்தில் வந்து உட்காரும்போது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உட்காருகிறார்கள். அது கேள்வியைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

உன் கடிதத்தில் நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். ஒன்று, பெரிய வெள்ளிக்கிழமை வரும் பாடு வாரத்தில் நாங்கள் மட்டாஞ்சேரி வரை வந்தும் ஏன் உன்னைப் பார்க்காமல் திரும்பினோம் என்பது. மற்றது, உன் மாமியார் வீட்டில் பண்டிகைக்குப் பண்டிகை எல்லோரும் ஏதேதோ செய்கிறார்கள், கூடச் சேர்ந்து நீயும் செய்கிறாய், கை செய்கிறதே தவிர கருத்துப் புரியவில்லை, ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதுபோல் அம்மா எழுது என்று கேட்டிருந்தாய். இரண்டும் தனித்தனிக் கேள்வி என்று நினைத்துத்தான் நீ கேட்டாய். எனக்கு இரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது. அதனால் முதலில் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் அன்றைக்கு வந்தார் என்று நீ நினைத்திருக்கிறாய், அப்படித்தான் எழுதியும் இருக்கிறாய். அது இல்லை மக்களே. அப்பா சம்மதம் சொல்ல வந்தார். மார்ச் மாதம் நீ எலியாஸைப் பற்றி, அவர் யூதர் என்று எழுதிய நாள்முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, சபைக் கமிட்டியிலிருந்து தானாகவே விலகிக்கொண்டார், யாரும் விலகச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்று, ஏட்டி, அவியளும் ஆபிரகாமுக்க பிள்ளைகதானே, நாம அவிய புஸ்தகத்ததானே வாசிக்கோம், போய் வீட்டப் பாத்துட்டு வருவோம் என்றார். எனக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கக்கூடத் தோன்றவில்லை. பையன் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் உனக்குச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது, பெற்றவர்கள் இரண்டு பேரும் நேராக அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும், பேச்சு முடிந்த பிறகுதான் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று நம் முறையை எல்லாம் அவரே எடுத்துச் சொன்னார். கை வீசிக்கொண்டு போகவும் கூடாதே, அதனால் உனக்குப் பிடித்ததென்று வட்டையப்பம் செய்தேன். அரிசிக்குத் தட்டுப்பாடு, ரேஷனில் போட்ட கோதுமையைத்தான் திரித்து மாவாக்கினேன். பனையேறும் தங்கப்பன் மாவு புளிக்கக் கொஞ்சம் கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அப்பா அதைப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டுக்குள்ள கள்ளு நொழையணும்னா அப்ப மாவு வேசம் போட்டுட்டுதான் நொழையணும் இல்லியா என்று சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. மாவும் அன்றைக்கு நன்றாகப் பொங்கி வந்தது, பஞ்சுபோல.

பஸ்ஸில் போகும்போதும் எறணாகுளத்தில் படகு ஏறும்போதும் அப்பம் வைத்த தூக்குப்பாத்திரத்தை அவரே மடியில் வைத்துக்கொண்டார். கோவிலுக்கு மட்டும் போடுகிற வெள்ளைக் கோட்டைப் போட்டிருந்தார், வேர்வையில் முதுகு நனைந்துபோயிற்று, கழற்றுங்கள் என்றால் கேட்கவில்லை. எலியாஸின் அம்மாவிடம் சொல்வதற்கென்று மலையாளத்தில் ஒரு வாக்கியம் கட்டிவைத்திருந்தார், படகில் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தார், என் மலையாளம் விடுதியில் படித்த மலையாளம் அல்லவா. நம் பேச்சில் சொன்னால், எனக்க மவ பிடிவாதக்காரி, ஆனா பொய் சொல்லமாட்டா, நீங்க அவள நம்பலாம். இவ்வளவுதான் வாக்கியம். இதை அவர் உனக்குச் சொல்லவே மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். நீ அதைப் படித்தாயா மக்களே, இன்னொரு தடவை படி.

அந்தத் தெருவில் உங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சுவருக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. முற்றத்துப் பாயில் ஈயம் பூசிய பாத்திரங்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. கிணற்றை இறைத்துத் தேய்த்துக் கழுவிய தண்ணீர் வாசல் வரை ஓடிக் கிடந்தது. உள்ளே இரண்டு பெண்கள் முறத்தில் அரிசியைப் பரப்பி ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பட்டது என்ன தெரியுமா, இது கல்யாண வீடு, நம்மிடம் ஒரு சொல் சொல்லாமல் நாள் குறித்துவிட்டார்கள் என்று. அப்பாவுக்கும் அதுவே பட்டிருக்க வேண்டும், முகம் அப்போதே மாறிவிட்டது. ஆனாலும் படி ஏறினார். உன் மாமியார் சிம்ஹா அம்மா வாசலுக்கு வந்தார்கள். நாங்கள் யாரென்று சொன்னோம், அவர்கள் முகம் மலர்ந்தது, அதை நான் பார்த்தேன், அதை மட்டும் மறைக்க மாட்டேன். அப்பா தூக்குப்பாத்திரத்தை நீட்டி மூடியைத் திறந்தார். புளித்த வாடை வந்ததும் அந்த அம்மா ஒரு கையைக் குறுக்கே நீட்டி நில்லுங்கள் நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார்கள், உடுத்தியிருந்த முண்டு பாத்திரத்தில் பட்டுவிடாமல் மற்றக் கையால் ஒதுக்கிப் பிடித்தார்கள், அப்படியே அவசரமாக உள்ளே போய்விட்டார்கள்.

நீ பிறந்தது வேறு காலம் மக்களே. நீ நர்ஸ் உடுப்புப் போட்டு யார் வீட்டுக்குள்ளும் போய் யார் கையையும் பிடித்து நாடி பார்த்தவள். உன் அப்பா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் கருப்பட்டி கொண்டுபோய் வாசலுக்கும் வெகுதூரம் தள்ளி நின்று கூப்பிட்டவர். அந்த வீட்டு அம்மா வரும்போது சேலையை இப்படித்தான் ஒதுக்கிப் பிடிப்பாளாம். இதை அவர் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார், பிறகு சொன்னதே இல்லை. அன்றைக்கு அந்த முண்டு ஒதுங்கியதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், அவர் பாத்திரத்தை மூடினார், திரும்பிப் படி இறங்கினார், நானும் பின்னால் போனேன். எறணாகுளத்தில் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிப் பக்கம் போகலாமா என்று படகில் கேட்டேன், கரை இறங்கியதும் அவர் நேராகப் பஸ்ஸைத் தேடி நடந்தார். வட்டையப்பத்தைத் திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ பிச்சைக்காரிக்குக் கொடுத்தோம். பெரிய வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டோம். மே மாதம் நீ ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கு நாள் எழுதியபோது நாங்கள் ஏன் வரவில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

இனி வெட்கத்தைக் கேள். ஜூன் மாதம் ஓய்வுநாள் பள்ளியில் பஸ்காப் பாடம். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் புறப்பட்டார்கள், அந்த அவசரத்தை மறக்காமலிருக்க வீட்டில் ஒரு துணுக்குப் புளித்த மாவும் இல்லாமல் துடைத்து எடுத்துவிட்டுப் பண்டிகை ஆசரித்தார்கள் என்று வருஷாவருஷம் சொல்கிற பாடம். முன் வரிசையில் ஒரு பெண், டீச்சர் புளிச்ச மாவுன்னா என்னது என்று கேட்டாள். நான் வருஷாவருஷம் சொல்கிற உதாரணத்தைச் சொன்னேன். உங்க அம்மா வட்டையப்பத்துக்குக் கள்ளு விட்டு வைப்பாங்கல்லா, பொங்கி வருமே, அதுதான் என்றேன். சொன்ன வாய் மூடவில்லை. பிள்ளைகள் அடுத்த வரிக்குக் காத்திருக்கிறார்கள், எனக்குக் கண் முன்னால் சுண்ணாம்புச் சுவரும் கவிழ்த்த பாத்திரமும் அரிசி பொறுக்கின பெண்களும் வந்து நிற்கிறார்கள். எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தேன், துடைத்து எடுத்தார்கள், ஆசரித்தார்கள் என்று எப்போதும் ‘தார்கள்’ போட்டே சொல்லியிருக்கிறேன். செய்துகொண்டிருக்கிற ஒரு அம்மா மட்டாஞ்சேரியில் இருக்கிறாள், பஸ்கா வரும் வாரம் அவள் வீட்டுக் கிணற்றைக்கூடத் தேய்க்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. அவர்கள் துடைத்து முடித்த வீட்டுக்குள் நாமே கோதுமையைப் பொங்கவைத்து மூடிபோட்டுக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறோம்.

அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. மாமியார் வெளியாருக்கென்று வைத்திருக்கிற இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, புழங்கும் பாத்திரம் எதையும் அந்த வாரம் வெளியே கொடுக்க முடியாதென்று இரண்டு இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் வராந்தாவில் ஆள் இல்லை, தெருமுனை வரை ஓடிப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த இளநீரை யார் குடித்தார்கள் என்று நீ எழுதவில்லை. அதை நினைத்து நினைத்து எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை.

வகுப்பில் தோன்றியதை அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியை நிறுத்தாமல், எனக்குத் தெரியும் என்றார். எப்பத் தெரியும் என்றேன். பஸ்ஸு திருவனந்தபுரம் தாண்டையிலேயே தெரியும் என்றார். எனக்கு வந்த கோபத்தில், தெரிஞ்சும் ஏன் திரும்பிப் போவல, பஸ்ஸ நிறுத்தியிருக்கலாம்லா என்று சத்தம் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் வெட்டினார், பிறகு சொன்னார், காரணம் வேறன்னு புத்திக்குத் தெரியுது தேவகனி, காலுக்குத் தெரியமாட்டங்குதே. அவர் பேரில் தப்புமில்லை, அந்த அம்மா பேரில் தப்புமில்லை. யார் பேரிலாவது தப்பு இருந்தால் சண்டை போட்டாவது சரிசெய்யலாம். இது அப்படி அல்லவே.

இப்போது நீ கேட்ட கருத்து. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், போதகர் ஐயாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். இந்தப் பண்டிகையெல்லாம் வரப்போகிறதற்கு நிழல், பொருள் வந்ததும் நிழல் ஒழிந்தது என்பார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் சிம்ஹா அம்மாவுக்குத் தான் நிழல் என்று தெரியாது, முழங்கால் மடித்து உட்கார்ந்து தரையைத் தேய்க்கிறாள். கசப்பான கீரையைத் தின்பது ஏனென்றால் அடிமைப்பட்டது கசந்தது என்று நாக்குக்குத் தெரிய. செங்கல் மண்ணைப்போல் குழைத்து ஒரு இனிப்பை வைப்பார்களாமே, அது சுமந்த மண். ஐப்பசியில் வரும் கூடாரப் பண்டிகைக்கு முற்றத்தில் தென்னோலைப் பந்தல் போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிடுவது, ஒரு காலத்தில் வனாந்தரத்தில் வீடில்லாமல் அலைந்தோம், இன்றைக்கு இருக்கிற சுவர் நம்முடையதென்று மேட்டிமை வேண்டாம் என்பதற்கு, கூரை வழியாக வானம் தெரிய வேண்டுமாம். தெரியட்டும், ஆனால் மழை பெய்தால் தலையை நனைய விடாதே, உனக்கு உடனே சளி பிடிக்கும். அதற்கு முன்னால் பாவநிவாரண நாளில் ஒரு பொழுது முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் என்கிறார்கள். நீ ஸ்கூலில் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தவள். மாசமாக இருந்தால் வெட்கப்படாமல் மாமியாரிடம் சொல், அவர்கள் சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கும், கடவுள் ஒருபோதும் கர்ப்பிணியைப் பட்டினி போடமாட்டார். எனக்குப் புரிந்த மட்டும், மற்றவர்கள் நடந்ததை எழுதிவைத்து நினைப்பார்கள், இவர்கள் நடந்ததை வாயிலும் கையிலும் வயிற்றிலும் போட்டு நினைக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் முன்னோரை மீட்டார் என்று அவர்கள் சொல்வதில்லையாம், எங்களை மீட்டார் என்று சொல்கிறார்களாம், நீயே எழுதியிருந்தாய். நினைப்பதும் தொழுவதும் அவர்களுக்கு ஒரே வேலை என்று அந்த வரியில்தான் எனக்குப் பிடிபட்டது.

அது பிடிபட்டதும் சந்தோஷம் வரவில்லை மக்களே, பயம் வந்தது. நாளைக்கு உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளை எங்களை எகிப்திலிருந்து மீட்டார் என்று சொல்லும். நல்லது, சொல்லட்டும். நெய்யூரை யார் சொல்வார்கள். உன் அப்பா தூரத்தில் நின்று கூப்பிட்ட அந்த வாசலை எந்தப் பண்டிகையில் வைத்து நினைப்பீர்கள், அதற்கு எந்தக் கீரை. மோவாப் தேசத்துப் பெண் ஒருத்தி மாமியாரை விடமாட்டேன், உன் ஜனம் என் ஜனம் என்று கூடவே புறப்பட்டுப் போனதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம், கேட்டுக் கண் கலங்கியிருக்கிறோம். இப்போது அந்தக் கதையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், மோவாபில் அவளைப் பெற்றவள் என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் வீட்டு வாசலில் நின்றிருப்பாள், வேறு என்ன செய்திருப்பாள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் போனால் அக்கா தங்கையா என்று கேட்பார்கள், அதற்குள் மகளைக் கடல் தாண்டி அனுப்புகிற வயது எனக்கு வந்துவிட்டதா. பேப்பரில் நீங்கள் போகப்போகிற அந்த யூதர் நாட்டுப் பெயரைப் பார்த்தால் பக்கத்திலேயே எல்லையில் சண்டை என்று போட்டிருக்கிறான். குமாரதாஸ் இங்கே இருந்தவரை பேப்பரை அவன் கையில் கொடுத்து நீயே வாசி என்று சொல்லிவிடுவேன். பம்பாய்க்கு வந்து உன்னை ஒரு தடவை பார்க்கலாம் என்றால் குளோரிக்கு மணல்வாரி, உடம்பெல்லாம் சிவந்து கிடக்கிறாள், அவளை விட்டு வரவும் முடியாது தூக்கி வரவும் முடியாது. ஏதாவது செய்து அனுப்பலாம் என்று அடுக்களைக்குள் போனால் எது உங்கள் வீட்டுப் படி ஏறும் எது ஏறாது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். பெற்ற மகளுக்கு ஒரு பலகாரம் செய்ய யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இன்றைக்குப் பேனா எடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபத்தில் அப்பா உங்கள் பெயரை வரிசையாகச் சொல்வாரே, ஞானசெல்வியையும் குமாரதாஸையும் குளோரியையும் காத்தருளும் என்று. மட்டாஞ்சேரியிலிருந்து வந்த நாள்முதல் அவர் குமாரதாஸிலிருந்துதான் தொடங்குகிறார். கோபம் என்றே நான் நினைத்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், பேரச் சொன்னா வாயா வெந்துபோவும் என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர், சொல்லலாம், சொன்னா கடைசியில ஆமென்னும் சொல்லணும்லா, ஆமென்னு சொன்னா அவ போட்டும்னு நானே சொன்னதா ஆயிரும் என்றார். கோபமாக இருந்திருந்தால் தேவலை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு ராத்திரி, அவர் குமாரதாஸையும் என்று ஆரம்பித்தபோது குளோரி கண்ணைத் திறந்து, அப்பா, அக்காவ ஏன் விட்டுட்டிய என்று கேட்டாள். நாலு வயசுப் பிள்ளை, ஜெபத்துக்கு நடுவில் பேசக் கூடாதென்று அவளுக்குத் தெரியும், இருந்தும் கேட்டாள். அப்பா குமாரதாஸிலிருந்தே ஜெபத்தைத் தொடர்ந்தார். உன் மாமியார் வீட்டுப் பஸ்கா மேசையில் இருக்கிறதிலேயே சின்னப் பிள்ளைதான் இந்த ராத்திரி ஏன் இப்படி என்று கேட்க வேண்டும், கேட்ட பிறகுதான் பெரியவர்கள் சொல்லத் தொடங்குவார்கள் என்று நீ எழுதியிருந்தது அப்போது ஞாபகம் வந்தது. பெரியவர்களால் தாங்களாக வாயைத் திறக்க முடியாதென்று அந்தப் பண்டிகையை ஏற்படுத்தியவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கேட்பதற்கென்று ஒரு பிள்ளையை உட்காரவைத்திருக்கிறார். நீ கேட்ட கருத்துக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை. மறுநாள் ராத்திரி அப்பா குமாரதாஸுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார். சொல்லவில்லை, சும்மா நிறுத்தினார். குளோரி உடனே ஞானசெல்வியக்காவையும் என்றாள். அவர் மேலே ஜெபித்தார், கடைசியில் ஆமென் சொன்னார். அன்றுமுதல் அதே வழக்கமாகிவிட்டது. அவர் நிறுத்துவார், அவள் சொல்வாள், ஆமென் வரும். இதை உனக்கு எழுதிவிட வேண்டும், அப்பா சொல்லாமலே சொல்கிறார் என்று எழுதிவிட வேண்டும் என்று தாள் வாங்கிவைத்தேன்.

நேற்று குளோரி காய்ச்சலில் விளக்கு வைக்குமுன்பே உறங்கிவிட்டாள். நாங்கள் இரண்டு பேர்தான் பாயில். அப்பா அந்த இடத்துக்கு வந்ததும் வழக்கம்போல் நிறுத்தினார். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. இத்தனை நாளும் அவரைக் குறைசொன்னேன், உன் பெயரை விட்டுவிட்டாரே என்று குமைந்தேன், எனக்கு வாய்ப்புக் கிடைத்தபோது எனக்கும் அந்த ஆமென் வேண்டாமாக இருந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை, வெகுநேரம் அப்படியே முழங்காலில் இருந்தோம். பிறகு குளோரி தண்ணீர் கேட்டு முனகினாள், நான் எழுந்தேன், அவரும் எழுந்தார். ஜெபம் முடியவில்லை. நீ பிறந்த பிறகு இந்த வீட்டில் முடியாத ஜெபம் அது ஒன்றுதான்.

வாயால் வராதது கையால் வருமா என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஞானசெல்வியையும், அவள் கைப்பிடித்த எலியாஸையும், எங்களுக்காக நாற்காலி தூக்கிவந்த அந்தத் தாயையும், அவர்கள் ஏறப்போகிற கப்பலையும், அவர்கள் நினைக்கிற நாட்களையும் ஆண்டவர் கரையேற்றிக் காத்தருளுவாராக. ஆமென். எழுதிவிட்டேன் மக்களே. எழுதியதை அப்பாவிடம் காட்டப் போவதில்லை.

மறக்காமல் ஒன்று செய். பண்டிகைகள் முடிந்துதான் கப்பல் என்று எழுதியிருந்தாய், அதற்குள் மாமியாரிடம் கேட்டு ஒரு வரி எழுதிப் போடு. நம்மூர்க் கருப்பட்டியில் மாவு இல்லை, புளிப்பு இல்லை, பனையும் நெருப்பும் மட்டும்தான். அந்த மண்ணுக்கு அடையாளமாகக் குழைக்கிற இனிப்பில் அதைச் சேர்க்கலாமா, அது உங்கள் வாசல்படி ஏறுமா என்று கேள். ஏறும் என்றால் அப்பா கையாலேயே பொதிந்து அனுப்புகிறேன். ஏறாது என்றாலும் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
தேவகனி செல்வதாஸ்